யூரியா போட்டா பேச்சு நின்னுடும்!



"பயறு வகைத் தாவரங்களின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா எது?" ரைசோபியம்! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். ஒரு மார்க் ஆச்சே! ஆனா அந்த முடிச்சை நம்மில் எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கோம்? போன மாசம் வரைக்கும் நானும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் எங்க வீடு திருக்கழுக்குன்றம் பக்கம். வீட்டுக்குப் பின்னாடியே வேர்க்கடலைக் கொல்லை.

ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு! நம்ம ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. முடிச்சு வேலை செய்யுதுன்னு அர்த்தம். சித்தப்பா யூரியா அள்ளிப் போட்ட பக்கம் பிடுங்கினேன். முடிச்சு ரொம்பக் குறைச்சல்.

காரணம் இதுதான். மண்ணில் தழைச்சத்து குறைந்தால் வேர் ஃப்ளேவனாய்டு என்ற பொருளைக் கசியவிடும். "பசிக்குது, வா" என்று கூப்பிடுகிற மாதிரி. அதை உணர்ந்த பாக்டீரியா 'நாட் காரணி' என்ற பொருளைப் பதிலாக அனுப்பும். அதன் அமைப்பை பிரான்ஸ் விஞ்ஞானிகள் 1990-இல் கண்டுபிடித்தார்கள். பதில் செடிக்குப் பொருந்தினால்தான் முடிச்சு உருவாகும். அதனால்தான் சோயாவுக்கான பாக்கெட்டை வேர்க்கடலைக்குப் போடக்கூடாது. யூரியா தாராளமா கிடைச்சா செடிக்குப் பசியே இல்லை. அப்புறம் யாரைக் கூப்பிடும்?

இன்னொரு குறையும் சொல்லணும். புத்தகப் படத்தில் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே விடுகிறது. நம்ம வேர்க்கடலையில் அப்படி இல்லை! கிளை வேர் வெடித்து வெளிவரும் இடுக்கு வழியாக நுழையும். நம்ம ஊர்ப் பயிருக்கும் ஒரு படம் போடக்கூடாதா? (மாமல்லபுரம் டூர் போறப்போ பார்க்கிற சவுக்கு வேரிலும் முடிச்சு உண்டு. ஆனா சவுக்கு பயறு இனம் இல்லை. அதில் இருப்பது ஃப்ராங்கியா.)

சித்தப்பாகிட்ட சொன்னேன். "போடா, யூரியா போட்டாத்தான் பச்சைப் பசேல்னு இருக்கும்"னார். பச்சையா இருக்கும், வாஸ்தவம். நமக்கு வேண்டியது இலையா, கடலையா? முடிச்சு வர சில வாரம் ஆகும் என்பதால் விதைக்கும்போது கொஞ்சம் தழைச்சத்து கொடுப்பதில் தப்பில்லை. அதுக்கப்புறம் மூட்டை மூட்டையா எதுக்கு? காய் பிடிக்கிற நேரத்தில் அது கேட்பது ஜிப்சம்.

வேளாண்மை விரிவாக்க மையத்தில் ரைசோபியம் பாக்கெட் கிடைக்கும். ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி விதைக்கணும். வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா செத்துப்போகும்.

அடுத்த பட்டத்துக்குக் கொல்லையில் ஒரு பாத்தி மட்டும் எனக்கு விடச் சொல்லிக் கேட்டிருக்கேன். "பார்க்கலாம்"னு சொல்லியிருக்கார். நம்ம ஸ்கூல் தோட்டத்து அவரையிலும் ஒரு செடி பிடுங்கிப் பார்க்க அறிவியல் சார்கிட்ட அனுமதி கேட்கப் போறேன். வர்றவங்க பேர் கொடுங்க.