நிழல் விழுகிறது, தோழரே!

மாலை ஏழு மணி. சாரத்திலிருந்து இறங்கி வந்த கொத்தனார், கைகால் கழுவித் திண்ணையில் அமர்கிறார். விரலிடுக்கில் இன்னும் சிமெண்டுப் பூச்சு. அருகே அவர் மகள். ஏழாம் வகுப்பு படிக்கிற பெண். மடியில் நோட்டு, கையில் செல்போன்.

"என்னம்மா எழுதுறே?"

"தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பத்திக் கட்டுரைப்பா. நாளைக்குக் கொண்டுபோகணும்."

"படி, கேட்போம்."

"இக்கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழுவதே இல்லை."

கொத்தனார் சிரித்துவிட்டார். "விழாம எங்கேம்மா போகும்? தஞ்சாவூருக்கு வேலைக்குப் போயிருந்தப்ப, சாயங்காலம் அந்த நிழல்லதானே உக்காந்து இளைப்பாறினோம்!"

மகள் செல்போனை நீட்டினாள். "நாலு இடத்துல இப்படித்தான்பா போட்டிருக்கு."

சிரிப்பு மறைந்தது. தலையைச் சொறிந்துகொண்டார். "நாலு இடத்துல போட்டிருக்குன்னா... நான் பார்த்ததுதான் தப்போ என்னவோ. நாம என்ன படிச்சவங்களா? நீங்க சொல்லுங்கண்ணே" என்று நம்மைப் பார்த்தார்.

தோழர்களே! அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்த நம் நெஞ்சில் அந்தச் சொல் முள்ளாய்த் தைத்தது. கட்டுரையில் ஒரு வரி பிழையாகப் போனால் போகட்டும், திருத்திக்கொள்ளலாம். ஆனால், கல்லும் மண்ணும் சுமந்து கட்டடம் எழுப்புகிற ஒருவர், எந்தச் சுவருக்கு எந்த நேரத்தில் எங்கே நிழல் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர், தம் கண்ணால் கண்டதையே நம்ப அஞ்சுகிறாரே! கையகலக் கருவி ஒன்று சொல்லிவிட்டது என்பதற்காக!

நாம் சொன்னோம்: "விழுகிறது, தோழரே! காலையிலும் விழுகிறது, மாலையிலும் விழுகிறது. அந்த விமானம் மேலே போகப்போகக் குறுகுவது, அடி அகன்றது. ஆகவே உச்சி வேளையில் நிழல் பெரும்பாலும் அதன் மேலேயே அடங்கிவிடுகிறது. அதைக் கண்ட யாரோ கட்டிவிட்ட கதை இது. நீங்கள் கண்டதே உண்மை."

"அப்போ நாலு இடத்துல எப்படிண்ணே?"

நல்ல கேள்வி! ஒருவன் எழுதினான், மூவர் அதைப் பார்த்து எழுதினர். நான்கு சாட்சிகளா இவை? இல்லை, ஒரே வாயின் நான்கு எதிரொலிகள்! இணையம் என்னும் பெருஞ்சந்தையில் முத்தும் விற்கிறது, சோழியும் விற்கிறது. முதலில் கண்ணில் படுவதெல்லாம் முத்தாகிவிடுமா? உரக்கக் கூவுகிறவன் கடையே உயர்ந்த கடை ஆகிவிடுமா?

"படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள், நம்மைப் போன்றவர்கள்தான் ஏமாறுவோம்" என்று எண்ணிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டு, நியூயார்க் நகரத்து நீதிமன்றத்தில் என்ன நடந்தது? வழக்கறிஞர் ஒருவர், கேட்டால் பதில் எழுதித் தரும் 'சாட்ஜிபிடி' என்னும் கருவியிடம் முன்மாதிரித் தீர்ப்புகளைக் கேட்டார். அதுவும் தந்தது, வழக்கின் பெயரோடு, தீர்ப்பின் வாசகத்தோடு! நீதிபதி தேடினார். அப்படி ஒரு வழக்கும் நடந்ததில்லை. அத்தனையும் கற்பனை! 5,000 டாலர் அபராதம் விதித்தார் நீதிபதி. சட்டம் படித்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஏழாம் வகுப்புக் குழந்தை எம்மாத்திரம்?

"அப்படியானால் செல்போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது, தோழர்களே, கூடவே கூடாது! அலமாரி நிறைய நூல் வைத்திருந்தவன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே கிடைத்த அறிவு, இன்று குடிசை வாசலுக்கு வந்து கதவைத் தட்டுகிறது. அதை விரட்டவா சொல்வோம்? வருகிறவர் யார் என்று கேட்டுக் கதவைத் திறக்கச் சொல்கிறோம்.

எந்தக் கதவைத் தட்டலாம்? நாம் அறிந்த சிலவற்றைச் சொல்கிறோம்.

2001ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிற நிறுவனத்தின் தளம் ஒன்று. சங்க நூல்கள் உரையோடு அங்கே உண்டு. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியமும் அங்கே உண்டு. ஆனால் ஒன்று: நூலின் வயதையும் பார்க்க வேண்டும். 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்த செய்தியை, 1968இல் முடிந்த நூலில் தேடினால் கிடைக்குமா?

சொல்லுக்குப் பொருள் வேண்டுமா? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அச்சிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. பழந்தமிழ் நூலின் மூலம் வேண்டுமா? 1998 முதல் தன்னார்வலர்கள் காசு வாங்காமல் தட்டெழுதிச் சேர்த்துவரும் மதுரைத் திட்டம் இருக்கிறது. பள்ளிப் பாடநூல்களையோ அரசே இணையத்தில் விலையின்றித் தருகிறது.

தமிழ் விக்கிப்பீடியா? 2003இல் தொடங்கியது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்டது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அதுவே அதன் வலிமை, அதுவே அதன் பலவீனம். ஆகவே கட்டுரையோடு நின்றுவிடாமல், அதன் அடியில் தந்திருக்கும் சான்றுகளைப் பார்க்க வேண்டும். சான்று இருந்தால் அதைத் திறந்து படி, இல்லையென்றால் ஐயப்படு.

இத்தனையும் நினைவில் நிற்காவிட்டால், மூன்று கேள்விகள் போதும். யார் சொன்னார்? எப்போது சொன்னார்? எதைக் கொண்டு சொன்னார்? இந்த மூன்றுக்கும் விடை தராத தளம் எத்தனை வண்ணத்தில் மின்னினாலும், அதைக் கடந்து போகட்டும் நம் பிள்ளை!

அன்றிரவு அந்தக் கொத்தனார் மகளோடு சேர்ந்து நாமும் தேடினோம். தஞ்சைக் கோயில் கல்வெட்டுகள், 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்னும் வரிசையின் இரண்டாம் தொகுதியாக அச்சேறியவை. 1891இல் அதன் முதற்பகுதி வந்தது. இணையத்தில் விலையின்றிப் படிக்கக் கிடைக்கிறது. திறந்தோம்.

என்ன கண்டோம் தெரியுமா? 1010ஆம் ஆண்டளவில் எழுந்து நின்ற அந்தக் கோயிலின் சுவரில், ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கின்றன. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரை! ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற கணக்கும் இருக்கிறது. மன்னனைப் பாடிய சுவரிலேயே விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் என்று தொழிலாளர் வரிசையும் நிற்கிறது. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயரை அந்தச் சிறுமி எழுத்துக்கூட்டி வாசித்தாள். கொத்தனார் எழுந்தே நின்றுவிட்டார்.

"நம்ம ஆளுங்க பேரெல்லாம் கல்லுல வெட்டியிருக்காங்களா?"

வெட்டியிருக்கிறார்கள், தோழரே! ஆயிரம் ஆண்டுகளாக அது அங்கேதான் இருக்கிறது. நிழல் விழாத கோபுரம் என்ற பொய்யதிசயம், உழைத்தவர் பெயர் பொறித்த மெய்யதிசயத்தை மறைத்து நின்றது. பொய்த் தகவலால் வரும் கேடு இதுதான். இல்லாததைத் தருவதோடு நில்லாமல், இருப்பதையும் பறித்துக்கொள்கிறது!

ஆகவே, கழகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்று நம் தெருமுனைப் படிப்பகங்களில் எழுத்தறிந்த ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்பார்கள். முடிதிருத்தும் கடையும் தேநீர்க் கடையும் அப்படித்தான் பள்ளிக்கூடமாயின. அந்தப் படிப்பகத்துக்கு இன்று புது வேலை வந்திருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம், கல்லூரிப் படிப்பு முடித்த தோழர் ஒருவர், தெருப்பிள்ளைகள் பத்துப் பேர், ஒரு செல்போன். இவை போதும். மேலே சொன்ன தளங்களின் பெயரைச் சுவரில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் எழுதும் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் "இதை எங்கிருந்து எடுத்தேன்" என்று ஒரு வரி எழுதப் பழக்குங்கள். பக்கத்துக் கிளை நூலகத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டு வரியோடு நாம் கட்டுகிற நூலக வரியில் நடப்பது அது. நம் பிள்ளை நுழையத் தயங்க வேண்டிய மாளிகையல்ல!

கட்டுரையில் அந்தப் பெண் பழைய வரியை அடித்துவிட்டாள். புதிதாக இப்படி எழுதினாள்: "கோபுரத்தின் நிழல் தரையில் விழும். என் அப்பா அதில் உட்கார்ந்திருக்கிறார்."

சான்று என்றால் இதுவன்றோ சான்று!