மினுக்குமுன் நிறுத்திப் பாருங்கள்!



"மௌலவிக்கு பென்ஸ் காராம்!" என்று எங்கள் ஊரில் சிலர் கண்சிமிட்டிப் பேசிய ஒரு காலம் இருந்தது. உண்மையில் அது என் மச்சானின் கார். வேலைக்காக வெளிநாடு போகும்போது, "சும்மா நிறுத்தி வைத்தால் பழுதாகிவிடும், நீங்களே ஓடுங்கள்" என்று சாவியை என் கையில் தந்துவிட்டுப் போனார். 1988 ஆம் ஆண்டின் 230 ஈ. ஆசிரியச் சம்பளத்தில் நினைத்தும் பார்க்க முடியாத வாகனம்.

முதல் மாதமே ஒன்று விளங்கியது. சொகுசுக் கார் பழையதாகும்போது அதன் விலை இறங்கும். ஆனால் உதிரிப் பாகத்தின் விலையோ, கராஜ் கூலியோ அதனுடன் சேர்ந்து இறங்குவதில்லை. பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தபோதும், வரி சாமானியர் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை. ஆகவே இருக்கும் பழைய காரையே பேணி ஓட்டுவோம், சிறு வேலைகளை நாமே செய்வோம் என்று பலர் எண்ணுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த வேலையிலிருந்து தொடங்குவது? அதில்தான் நான் பிழைவிட்டேன்.

ஒரு மழை நாளில் வைப்பர் நின்றுவிட்டது. காட்டிய இடத்தில், "மோட்டர் போய்விட்டது" என்று பெரிய தொகையொன்றைச் சொன்னார்கள். பணமில்லாமல் வீடு திரும்பி, நானே போனட்டைத் திறந்தேன். அந்தக் காலத்து பென்ஸில் பியூஸ்கள் இரு முனையும் கூரான சிறு குச்சிகள் போல வரிசையாக இருக்கும். அவை எரியாமலேயே, முனையில் பிடித்த களிம்பினால் மின்சாரத்தைத் தடுத்துவிடும். பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பியூஸையும் விரலால் இரண்டு மூன்று தடவை சுழற்றினேன். வயரை மீண்டும் பூட்டினேன். வைப்பர் ஓடியது!

அன்று வந்த பெருமை இருக்கிறதே! அதன்பின் சனிக்கிழமை தோறும் காரோடுதான் என் பொழுது. மெழுகு பூசினேன்; சீட்டின் தோலுக்குக் கிறீம் தடவினேன்; மரப் பலகையை மினுக்கினேன்; பாடாத ரேடியோவைப் பாட வைத்தேன். பார்த்தவர்கள் புதுக் கார் என்றார்கள்.

கடுகண்ணாவையில் நடந்தது

பாடசாலை விடுமுறையில் கண்டியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டோம். உம்மா முன்சீட்டில், மனைவியும் மூன்று பிள்ளைகளும் பின்னால். கடுகண்ணாவை இறக்கத்தில் எமக்கு முன்னால் ஒரு லொறி. பிரேக்கில் கால் வைத்தபடியே அதன் பின்னால் இறங்கினேன். ஒரு வளைவில் மிதித்தபோது பெடல் பஞ்சு போல அமிழ்ந்து அடிவரை போயிற்று. கார் நிற்கவில்லை.

கியரை 2 இற்கு இறக்கினேன். பெடலை விடாமல் திரும்பத் திரும்ப மிதித்தேன். இடப்பக்க மண் ஓரத்தில் ஏற்றி, அல்லாஹ்வின் கிருபையால் ஒருவாறு நிறுத்தினேன். எவருக்கும் காயமில்லை. பின்னால் ஒருவரும் பேசவில்லை. சின்னவள் மட்டும், "வாப்பா, ஏன் உங்கட கை நடுங்குது?" என்று கேட்டாள்.

அரை மணித்தியாலம் சென்று மிதித்துப் பார்த்தால், பெடல் கல்லைப் போல் உறுதியாக இருக்கிறது! "ஒன்றுமில்லை, போகலாம்" என்று மனம் சொன்னது. உம்மா இறங்கி நின்றுகொண்டு, ஏற மறுத்துவிட்டார். மாவனல்லையிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பிரேக் ஒயில் டப்பாவைத் திறந்து பார்த்தார். ஒயில் கோடு வரை நிரம்பித்தான் இருந்தது. ஆனால் நிறம் தேயிலைச் சாயம்.

"காரைக் கண்ணாடி மாதிரி வெச்சிருக்கிறீங்க மௌலவி. இதைக் கடைசியா எப்ப மாத்தின நீங்க?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை.

ஏன் அப்படி நடந்தது?

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. டொட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 பாகை அளவுக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஒயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். ஒயிலை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். எனவே நம் கால் பலமெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். சில்லுக்குப் போய்ச் சேராது. ஆறியதும் குமிழி மறையும், பெடல் சரியாகிவிடும். மனிதனை ஏமாற்றுவது அதுதான். முற்றத்தில் ஆயிரம் தடவை மிதித்தாலும் இந்தக் குறை தெரியாது.

ஆகவே, பழைய கார் வைத்திருப்பவர்களே, வேலையை இந்த ஒழுங்கில் தொடங்குங்கள்.

முதலில் நிறுத்துவது. பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சில்லுப் பக்கம் பழைய ஒயிலையும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். முதல் தடவை தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிரேக் பேட் 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்தால் தாமதிக்காதீர்கள். இந்த ஒயில் பெயின்டில் பட்டால் அதை அரித்துவிடும். உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

அடுத்தது குளிர வைப்பது. "நம் நாட்டில் பனி இல்லை, ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும்" என்பார்கள். அது பிழை. இந்த எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம், உடற்பகுதி வார்ப்பிரும்பு. வெறும் தண்ணீர் உள்ளேயிருந்து அரிக்கும். கூலன்டும் வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். சூட்டு முள் வழமையை விட்டு ஏறினால் உடனே ஓரத்தில் நிறுத்துங்கள். "இன்னும் இரண்டு மைல்தானே" என்று ஓட்டினால் தலைப்பகுதி வளைந்து, வீட்டுச் செலவையே தின்னும் பில் வரும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். கொதிநீர் முகத்தில் பாயும்.

பிறகு எஞ்சின் ஒயில். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துக் கோலை இழுத்துப் பாருங்கள். மாற்றும்போது பில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். கழித்த ஒயிலை முற்றத்திலோ கானிலோ ஊற்றாதீர்கள். அது நம் கிணற்றுக்கும் அயலவர் கிணற்றுக்கும் போய்ச் சேரும்.

பியூஸ் மாற்றும்போதும் ஒரு கவனம் தேவை. அதே அளவிலான பியூஸையே போடுங்கள். சிகரெட் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டால் வயர் எரிந்து காரே எரியக்கூடும்.

கை வைக்கக்கூடாதவை

முன்பக்கச் சுருள் ஸ்பிரிங் மிகுந்த அழுத்தத்தில் அடங்கியிருக்கிறது. அதற்குரிய கருவியின்றிக் கழற்றினால் ஆளையே கொல்லும். காற்றுப்பை உள்ள ஸ்டீரிங்கையும் அதற்குரியவரிடமே விட்டுவிடுங்கள். பெற்றோல் மணம் வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இந்தக் கார்களில் பெற்றோல் குழாய் அதிக அழுத்தத்தில் ஓடுகிறது. பழைய இறப்பர் வெடித்திருக்கலாம்.

ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும்தான். அதை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ காருக்குக் கீழே போகாதீர்கள். இரும்புத் தாங்கி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். தரை சமமாக இருக்கட்டும். மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. வெற்றுச் சோடாப் போத்தலில் அதை ஊற்றி வைக்க ஆண்களை விடாதீர்கள். குழந்தைக்கு அது பானமாகத்தான் தெரியும்.

மச்சான் வந்தபோது

கடுகண்ணாவைக்குப் பின் ஒரு சிறு கொப்பி வைத்தேன். எதை, எந்தத் திகதியில், எத்தனை கிலோமீட்டரில் மாற்றினேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிரேக் ஒயில் மாற்றும் நாளில் பெடலை மிதிப்பது மூத்த மகன். "மிதி, பிடி, விடு" என்று நான் கீழிருந்து சொல்ல, அவன் மேலிருந்து திருப்பிச் சொல்வான்.

சில வருடங்கள் கழித்து மச்சான் திரும்பி வந்தார். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெயின்ட் கொஞ்சம் மங்கிட்டுதே" என்றார். நான் கொப்பியையும் சாவியையும் அவர் கையில் வைத்து, "ஏறி, முதலில் பிரேக்கை மிதித்துப் பாருங்கள்" என்றேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பழைய கார் ஒன்று நின்றால், இந்த வாரம் மெழுகு டப்பாவைத் திறக்குமுன் போனட்டைத் திறந்து அந்த ஒயிலின் நிறத்தைப் பாருங்கள். அந்தக் காரில் ஏறுபவர்கள் உங்களை நம்பித்தான் ஏறுகிறார்கள்.