ஆமை எப்போது விழிக்கும்?

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது நம் பக்கத்துப் பழமொழி. இங்கிலாந்தில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே பல வீடுகளில் ஆமை செல்லப் பிள்ளை. நாய்க்கும் பூனைக்கும் பெயர் வைப்பதுபோல ஆமைக்கும் பெயர் உண்டு. பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குக் குடிபோன பிறகும் அது தோட்டத்தில் மெல்ல நடந்துகொண்டிருக்கும். பாட்டி வளர்த்ததைப் பேத்தி வளர்ப்பது அங்கே அதிசயமல்ல.

ஆனால் இந்தப் பிள்ளையின் முகத்தை வருஷத்தில் சில மாதங்கள் பார்க்க முடியாது. குளிர் வந்ததும் ஆமை தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு உறங்கப் போய்விடுகிறது. ஐம்புலனை அடக்குவதற்கு வள்ளுவர் ஆமையைத்தான் உவமை காட்டினார். குளிர்நாட்டு ஆமை மூச்சையும் நாடியையும்கூட அல்லவா ஒடுக்கிக்கொள்கிறது! வெயில் வந்தால்தான் மறுபடி எழுந்திருக்கும்.

அந்த வெயில் எப்போது வரும்? அதுதான் அந்த வீட்டாரின் கவலை.

நமக்கு வசந்தம் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. பங்குனி பிறந்தால் வெயில் ஏறுகிறது, அவ்வளவுதான். குளிர்நாட்டாருக்கு வசந்தம் என்பது வாசலில் நின்று வரவேற்க வேண்டிய விருந்தாளி. மார்ச் 20 அல்லது 21-ல் பகலும் இரவும் சமமாகும்போது அது வந்துவிட்டதாகக் கணக்கு. ஆனால் கணக்குப்படி விருந்தாளி வரவேண்டுமே! 2013-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிரிட்டனில் 1962-க்குப் பிறகு அவ்வளவு குளிர்ந்த மார்ச் இல்லை என்று சொல்லும்படி இருந்தது. அதற்கு முந்திய டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றையும்விட மார்ச்சில்தான் குளிர் அதிகம். அத்தகைய ஆண்டில், உறங்கும் ஆமையின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் எழவில்லையா?" என்று கேட்காதவர் இருக்க முடியுமா?

இந்தக் கேள்வியை முன்பே பொறுமையாகக் கேட்டவர் ஒருவர் உண்டு. கில்பர்ட் வைட் என்ற பாதிரியார். ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்ற சிற்றூர்க்காரர். 1720-ல் பிறந்து 1793-ல் காலமானவர். ஊரைவிட்டு அதிகம் நகராமல், தம் ஊர்ப் பறவையையும் பூச்சியையும் மண்ணையும் மழையையும் பார்த்துப் பார்த்து எழுதினார். அது 1789-ல் புத்தகமாக வந்தது. இன்றும் விற்பனையாகிறது.

அவருடைய அத்தை ரெபெக்கா ஸ்னூக், சசெக்ஸில் ரிங்மர் என்ற ஊரில் இருந்தார். அந்த அம்மாளின் வீட்டு முற்றத்தில் டிமதி என்றொரு ஆமை. அத்தையைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மருமகனின் கண் ஆமையின் மேல்தான். நவம்பர் நடுவில் மண்ணுக்குள் போகிறது, ஏப்ரல் நடுவில் வெளியே வருகிறது என்று குறித்துவைத்தார். குழி தோண்டும்போது அதன் கால் அசைவு கடிகாரத்தின் மணி முள்ளைவிடக் கொஞ்சம்தான் வேகம் என்றார். வண்டியே ஏறினாலும் தாங்கும் ஓடு இருந்தும், நாலு துளி மழைக்குப் பட்டுப்புடவை கட்டிய சீமாட்டிபோல அது ஓடி ஒளிவதைக் கண்டு வியந்தார். முப்பது வருஷத்துக்கு மேலாக உணவிட்ட அத்தையம்மாள் முற்றத்தில் தலைகாட்டினால் போதும், தத்தித் தத்தி அவரை நோக்கி வந்துவிடுமாம். மற்றவர்களை அது சட்டை செய்வதில்லை.

1780-ஆம் ஆண்டு மார்ச்சில் அத்தை காலமானார். ஆமை மருமகன் கைக்கு வந்தது. இந்த இடத்தில்தான் பாதிரியார் பொறுமை இழந்தார். தூங்கிக்கொண்டிருந்த பிராணியைத் தோண்டி எடுத்தார். அது சீறியது. மண்ணோடு பெட்டியில் அடைத்துக் குதிரை வண்டியில் எண்பது மைல் கொண்டுபோனார். குலுக்கிய குலுக்கலில் ஆமைக்கு முழு விழிப்பு வந்துவிட்டது. செல்போர்ன் தோட்டத்தில் இறக்கிவிட்டதும் கோடிவரை இரண்டு முறை நடந்து பார்த்தது. மாலையில் குளிர் உறைத்ததும், புது வீடு, புது எஜமானர் என்ற மரியாதையெல்லாம் பாராமல் மண்ணைப் பறித்து மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

அதன் பிறகு பாதிரியார் காத்திருந்தார். ஏப்ரலில் ஒரு பிற்பகல். ஈரமும் வெதுவெதுப்புமான காற்று. உஷ்ணமானியில் 50 டிகிரி பாரன்ஹீட். நத்தைகள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பின. அதே வேளையில் தோட்டத்து மண் பொங்கி எழுந்தது. ஒரு தலை வெளியே வந்தது. மறுநாள் காலையில் ஆமை முழுதும் எழுந்து வந்து மாலை நான்கு மணிவரை உலாவியது.

50 டிகிரி பாரன்ஹீட் என்றால் 10 டிகிரி செல்சியஸ். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஆமை வளர்ப்போருக்கு இன்றைய மிருக வைத்தியர்கள் சொல்வதும் இதுதான்: 10 டிகிரியைத் தாண்டினால் ஆமைக்கு விழிப்புத் தட்டும், பூஜ்யத்துக்குக் கீழே போனால் கண்கூடப் போய்விடலாம், உறக்கத்துக்கு ஏற்றது சுமார் 5 டிகிரி. இதற்காக இன்று பலர் ஆமையைப் பெட்டியில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிறார்கள்! கேட்டால் கொடுமை போலிருக்கும். உண்மையில் வீட்டில் அதைவிடச் சீரான இடம் கிடையாது. அவ்வப்போது கதவைத் திறந்து காற்று விடுகிறார்கள். வாரம் ஒருமுறை எடை பார்க்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்துவிட்டால் ஆபத்து. உடனே எழுப்பியாக வேண்டும். நோயுற்ற ஆமையையும் இளைத்த ஆமையையும் உறங்கவே விடக்கூடாது.

எடை பார்ப்பது அக்கறை. ஆனால் "பார்த்து வெகுநாளாயிற்று" என்று பெட்டியைத் திறந்து வெளியே எடுத்துக் கணப்பருகில் வைப்பது அக்கறையல்ல, அவசரம். கேட்டால் பாசம் என்பார்கள்! பாசம் யாருக்கு வேண்டும்? ஆமைக்கு வேண்டியது தொடர்ந்த வெப்பம். உடம்பு சூடேறினால்தான் அதற்குப் பசிக்கும், தின்றது செரிக்கும். அரைகுறையாக எழுப்பிவிட்டால், சேர்த்துவைத்த கொழுப்பு செலவாகும், வரவு ஒன்றும் இராது. எழுந்துவிட்ட ஆமையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஆழமில்லாமல் இறக்கி, குடிக்க விட்டு, விளக்கின் சூட்டில் வைத்துத் தீனி கொடுக்க வேண்டும். ஒரு வாரமாகியும் வாய் வைக்கவில்லையென்றால் வைத்தியரிடம் போக வேண்டும். மறுபடி தூங்கவைத்துவிடலாம் என்று எண்ணக்கூடாது.

வசந்தம் தாமதித்தால் காத்திருக்கலாம். பொய்யாக வந்தால் என்ன செய்வது? 2019 பிப்ரவரி 26-ல் லண்டன் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி செல்சியஸ். பிரிட்டனில் குளிர்கால மாதம் எதிலும் அதுவரை அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை. மனிதர்கள் கோட்டைக் கழற்றிவிட்டுப் பூங்காவில் படுத்தார்கள். நான்கு நாள் கழித்து மறுபடி மாட்டிக்கொண்டார்கள். மண்ணுக்குள் இருக்கும் ஆமையால் அப்படி மாற்றிக்கொள்ள முடியுமா? பருவம் நம்பகமற்றுப் போகப்போக, தோட்டத்து மண்ணை நம்பி விடுவதைவிட, பார்க்க அழகில்லாத அந்தக் குளிர்சாதனப் பெட்டியே மேலென்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தத் தொல்லையெல்லாம் எதனால்? ஆமை அந்த மண்ணின் பிராணியே அல்ல. மத்தியதரைக் கடலோரத்து வெயிலில் பிறந்தது. அதைக் கப்பலில் கொண்டுவந்து சந்தையில் விற்றார்கள். இருபதாம் நூற்றாண்டில் லட்சக்கணக்கில் வந்திறங்கி, முதல் குளிர்காலத்தையே தாண்டாமல் மாண்டவை ஏராளம். 1984-ல்தான் ஐரோப்பிய சமூகம் இந்த இறக்குமதி வியாபாரத்துக்குத் தடை போட்டது. நம்மவர்கள் பெருமைப்பட ஒன்றுமில்லை. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். இருந்தும் அதைக் கடத்துவோர் இன்னும் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

டிமதிக்குத் திரும்புவோம். இவ்வளவு நீண்ட ஆயுளை, அதை அனுபவிக்கத் தெரியாமல் தூங்கிக் கழிக்கும் ஒரு ஜீவனுக்குக் கடவுள் ஏன் கொடுத்தார் என்று வைட் ஒரு சமயம் அலுத்துக்கொண்டதுண்டு. பிறகு அவரே வேறொன்றையும் பார்த்தார். ஜூன் மாதத் தொடக்கத்தில் ஆமைக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறது. காலை ஐந்து மணிக்கே எழுந்து, நுனிக்காலில் நடந்து, வேலியின் இண்டு இடுக்குகளையும் திட்டிவாசலையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. துணை தேடுகிறான் என்று வைட் முடிவுகட்டினார்.

'தேடுகிறான்' என்றது தவறு. டிமதி பெண். செத்த பிறகு ஓட்டை ஆராய்ந்தபோதுதான் அது தெரிந்தது. (இந்தத் தவற்றில் பாதிரியார் தனியாள் அல்ல. டெவனில் பவுடர்ஹாம் கோட்டையில் 2004 வரை வாழ்ந்த இன்னொரு டிமதியும் பெண் என்று 1926-ல்தான் தெரிந்தது.) செல்போர்ன் டிமதியின் ஓடு இப்போது லண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் இருக்கிறது. அது இறந்தது 1794-ல், எஜமானர் போன மறுவருஷம்.

1783-ல் ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை வெடித்தது. அதையடுத்த குளிர்காலம் மிகக் கொடுமையாக இருந்தது. அந்தக் குளிரையும் மண்ணுக்கடியில் கழித்துவிட்டு டிமதி எழுந்து வந்தது. 1784 கோடையில் ஒருநாள் திட்டிவாசல் திறந்திருந்தது போலும். ஆமையைக் காணோம். ஒரு வாரத்துக்கு மேல் தேடினார்கள். கடைசியில் பக்கத்து அவரைக் கொல்லையில் அகப்பட்டது. தூக்கிக்கொண்டு வந்து மறுபடி தோட்டத்தில் விட்டார்கள்.