கணினியைக் கழிக்க என்ன அவசரம்?

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டதன் விளைவாக, பழுதொன்றும் இல்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான கணினிகளை மாற்றியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அவற்றின் சொந்தக்காரர்கள்மீது விழுந்திருக்கிறது. அதன் அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 கோருகிற டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாதவை மட்டுமல்ல, 2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் புத்தம் புதிதாகச் சந்தைக்கு வந்த இன்டெல் ஏழாம் தலைமுறை பிராசஸர்களில் பெரும்பாலானவையும் அந்தப் பதிப்புக்கு மாற முடியாதபடி விலக்கப்பட்டவற்றுள் அடங்கும்.

கடிதம் தட்டச்சு செய்யவும், கடைக்கணக்கு எழுதவும், மின்கட்டணம் செலுத்தவும், பிள்ளைகள் வீடியோவில் பாடம் கேட்கவும் கணினியை உபயோகிக்கிற சாமானியக் குடும்பத்துக்குப் புதிய யந்திரம் அவசியமே இல்லை என்பது நமது திடமான அபிப்பிராயம். பழைய கணினி மந்தமாவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் பிராசஸர் அன்று. நிமிஷத்துக்கு 5400 தடவையோ 7200 தடவையோ சுழலும் தட்டில் தகவலைத் தேடித் தேடி எடுக்க வேண்டியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கே காரணம். அதை அகற்றி, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, 4 ஜிபி ராமை 8 ஜிபி ஆக்கினால், புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பகுதிச் செலவிலேயே அது இன்னும் பல வருஷங்களுக்குப் பிரயோஜனப்படும். திரைப்படம் தொகுப்போர், முப்பரிமாண வரைகலை செய்வோர் ஆகியோரின் தேவை வேறு. அவர்களை முன்னிட்டு ஊரார் அனைவரும் செலவு செய்ய வேண்டியதில்லை.

பாதுகாப்பு என்ற வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. திருத்தம் நின்றுபோன கணினியில் வங்கிக் கணக்கைக் கையாளுவது ஆபத்தானதுதான். ஆனால் அந்த ஆபத்து யந்திரத்தின் முதுமையால் வந்ததன்று, திருத்தம் நிறுத்தப்பட்டதால் வந்தது. ஆகவே பரிகாரம் காணும் கடமையும் நிறுத்தியவரையே சாரும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கு மாறுவது நல்ல வழியே. எனினும், பழகிய மென்பொருள்களைக் கைவிட எல்லோராலும் இயலாது.

கணினியைக் கழிப்பது குப்பையையும் பெருக்கும். 2022-ஆம் ஆண்டில் உலகம் ஒதுக்கிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இத்தகைய நிலையில், ராமை மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து, பிற்காலத்தில் கூட்டவே முடியாதபடி மடிக்கணினிகளை வடிக்கும் போக்கு பெரும் அநியாயமாகும்.

பொதுப்பணத்தில் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி வாங்கும் மத்திய, மாநில அரசுகள், பத்து வருஷங்களுக்குப் பாதுகாப்புத் திருத்தமும், கழற்றி மாற்றத்தக்க ராமும் எஸ்எஸ்டியும் வேண்டுமென்பதைத் தங்கள் டெண்டர்களிலேயே கட்டாய நிபந்தனையாக விதிக்க முன்வர வேண்டும்.