அரத்தைக் கீழே வை, மச்சி!

ரைஃபிளுக்கும் நமக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேரடியாக எதுவும் இல்லை. நான் நிஜத் துப்பாக்கியைத் தொட்டதுகூட கிடையாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியை ரிப்பேர் செய்வதே 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் யாரும் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரைத் தேட வேண்டாம். ஆனால் மூன்றாம் வருட மினி புராஜெக்ட்டில் நாங்கள் ஏன் மண்ணைக் கவ்வினோம் என்பதை எனக்குப் புரிய வைத்தது, ஹாஸ்டலில் ராத்திரி பார்த்த ஒரு லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் அனிமேஷன்தான்.

முதலில் எங்கள் கதை. நட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும் ஃபீடர் செய்தோம். செங்குத்தான குழாய், மேலே ஸ்பிரிங், கீழே ஸ்லைடர், அதற்கு முன்னால் ஒரு கேட். அடிக்கடி சிக்கியது. "ஸ்பிரிங் வீக்டா" என்றான் ஒருத்தன். டைட்டான ஸ்பிரிங் போட்டோம், இன்னும் மோசமாகச் சிக்கியது. "கேட் சின்னதுடா" என்றேன் நான். அரத்தை எடுத்து ராவினேன். இப்போது மேலே இருந்த நட் சாய்ந்து உள்ளே நுழைந்து ஆப்பு மாதிரி இறுகிக்கொண்டது. மறுநாள் ரிவ்யூ. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ரைஃபிளுக்கு வருவோம். லீவர் ஆக்‌ஷன் என்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சரக்கு. கௌபாய் படத்தில் விரல்களை வளையத்துக்குள் விட்டுக் கீழே தள்ளி மேலே இழுப்பார்களே, அதேதான். பீப்பாய்க்குக் கீழே ஒரு குழாய், அதற்குள் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். லீவரைத் திறந்தால் போல்ட் பின்னால் போகும், காலி ஷெல் வெளியே தெறிக்கும், ஸ்பிரிங் தள்ளி அடுத்த தோட்டா கேரியர் என்ற தூக்கியின் மேல் வந்து அமரும். கேரியர் அதைச் சேம்பர் உயரத்துக்குத் தூக்கும். லீவரை மூடும்போது போல்ட் அதை உள்ளே தள்ளும். மாடலுக்கு மாடல் விவரம் மாறும், ஆனால் அடிப்படை இதுதான். ஒரே கை அசைவில் இத்தனை வேலை. ஒன்று ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் ஜாம்.

ஜாம் ஆனதும் முதலில் திட்டு வாங்குவது ஸ்பிரிங்தான். ஆனால் கொஞ்சம் யோசிங்க. ஹூக் விதி முதல் வருடமே படித்தோம், சுருக்கம் கூடினால் விசை கூடும். குழாய் நிறைந்திருக்கும்போது ஸ்பிரிங் மிக அதிகமாகச் சுருங்கியிருக்கும், அப்போதுதான் தள்ளலும் அதிகம். கடைசித் தோட்டாவுக்கு மிகக் குறைவு. ஆக, கடைசி ஒன்றிரண்டு மட்டும் வராமல் நின்றால் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படலாம். குழாயில் அழுக்கோ நசுங்கலோ இருக்கிறதா, ஃபாலோயர் ஒட்டிக்கொள்கிறதா என்றும் பார்க்கலாம். முழுக்க நிரப்பியபோது முதல் தோட்டாவே சிக்கினால் ஸ்பிரிங் பாவம், நிரபராதி. அங்கே இன்னும் பலமான ஸ்பிரிங்கைப் போட்டால், பின்னால் நிற்கும் தோட்டா இன்னும் அழுத்தும், உராய்வு கூடும், கேரியர் மேலே எழுவது இன்னும் கஷ்டமாகும். நாங்கள் செய்ததும் அச்சு அசல் இதுதான்.

அடுத்து, தோட்டாவின் நீளம். வின்செஸ்டர் 1873 மாடலில் கேரியர் ஒரு கட்டை மாதிரி, லிஃப்ட் போல நேராக மேலே போகும். அடுத்த தோட்டாவைக் குழாய்க்குள் நிறுத்தி வைக்கத் தனியாக ஸ்டாப் எதுவும் கிடையாது. கட்டைக்குள் வந்துவிட்ட தோட்டாவின் நீளமே அந்த வேலையைச் செய்கிறது. தோட்டா குட்டையாக இருந்தால் அடுத்ததன் விளிம்பு உள்ளே எட்டிப் பார்க்கும், கட்டை எழாது. நீளமாக இருந்தால் மூக்கு குழாய்க்குள்ளேயே மாட்டும், அப்போதும் எழாது. .357 மேக்னம் தோட்டாவின் அதிகபட்ச நீளம் 1.59 அங்குலம், .38 ஸ்பெஷலுக்கு 1.55. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான். .357 சேம்பரில் .38 போகும் என்பதால் இரண்டையும் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் .38-லேயே குண்டை உள்ளே அழுத்தி வைத்த குட்டை வகைகள் இருக்கின்றன. அதைப் போட்டுவிட்டு "துப்பாக்கி சரியில்லை" என்றால் என்ன நியாயம்? அங்கே அரத்துக்கு வேலையே இல்லை. தோட்டாவை மாற்றினால் போதும்.

மூன்றாவது, எனக்கு ரொம்பப் பிடித்தது, மார்லின் 1894. இதில் வரும் ஒரு கோளாறுக்கு அமெரிக்கர்கள் "மார்லின் ஜாம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். லீவரின் ஒரு விளிம்பு கேரியரின் அடியைத் தொட்டுத் தூக்கிப் பிடிக்கிறது. அந்த விளிம்பு கூராக இருந்தால், ஒவ்வொரு அசைவிலும் கேரியரில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு விழும். பள்ளம் ஆழமாகும்போது கேரியர் நிற்க வேண்டிய உயரத்தில் நிற்காது. அடுத்த தோட்டா நேரத்துக்கு முன்பே நழுவி வந்து கேரியருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், லீவர் திறக்கவும் திறக்காது, மூடவும் மூடாது.

இதற்கு என்ன செய்வீர்கள்? "தேய்ந்த கேரியரை மாற்று" என்பதுதான் உடனே வரும் பதில். மாற்றினால் ஓடும், கொஞ்ச காலம். புதுக் கேரியரையும் அதே கூரான விளிம்பு வெட்டத்தான் போகிறது. தேய்ந்தது கேரியர், தேய்த்தது லீவர். விளிம்பின் கூரை மெல்ல மழுக்கி, பிறகு கேரியரைச் சரிசெய்தால்தான் வேலை முடியும். வைவாவில் அறிகுறிக்கும் மூல காரணத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் இனி இந்த உதாரணத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

நான்காவது குற்றவாளி யார் தெரியுமா? கை. லீவரைக் கடைசி வரை தள்ளாமல் பாதியில் திருப்பினால் கேரியர் தன் வேலையை முடித்திருக்காது. பொருளில் ஒரு குறையும் இருக்காது, ஆனாலும் ஜாம். தோட்டா வடிவில் செய்த டம்மியைப் போட்டு, லீவரை மெதுவாக முழுத் தூரமும் இயக்கிப் பார்த்து, எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனிப்பதுதான் கன்ஸ்மித்துகளின் முதல் வேலை. உயிருள்ள தோட்டாவை வைத்துக்கொண்டு சோதனை செய்ய மாட்டார்கள்.

"டேய், பார்ட்டை மாற்றுவது சீக்கிரம் முடியும், யோசிக்க நேரம் எங்கே?" என்று என் டீம் மேட்டே கேட்டான். நியாயமான கேள்விதான். தொழிற்சாலையில் லைன் நின்றால் ஒவ்வொரு நிமிடமும் காசு. தெரிந்த கோளாறு, கையில் ஸ்பேர் இருக்கிறது என்றால் மாற்றிவிட்டு லைனை ஓட விடுங்கள், தப்பில்லை. ஆனால் மாற்றுவது வேறு, ராவுவது வேறு. ஸ்பிரிங்கை மாற்றினால் பழையதைத் திரும்பப் போடலாம். ராவிய இரும்பை எப்படித் திரும்ப ஒட்டுவது? வெல்டு வைத்து மறுபடி மெஷின் செய்ய வேண்டும். அதனால் என் கட்சி இதுதான்: திருப்பி எடுக்க முடியாத வேலையைக் கடைசியில் செய்.

சரியாகப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் இதே துப்பாக்கியில் சான்று இருக்கிறது. 1860-இல் வந்த ஹென்றி ரைஃபிளில் 16 தோட்டா போகும். ஆனால் குழாயின் அடியில் நீளமாக ஒரு திறப்பு, அதில் ஃபாலோயரின் கைப்பிடி நகரும். திறப்பு வழியே மண் போகும். சுடுகிறவரின் இடது கையில் அந்தக் கைப்பிடி முட்டி நின்றால் ஃபீடும் நிற்கும். யாரும் ஸ்பிரிங்கைப் பலமாக்கி இதைத் தீர்க்கவில்லை. நெல்சன் கிங் என்பவர் பக்கவாட்டில் தோட்டா போடும் கதவை வடிவமைத்தார். 1866 வின்செஸ்டரில் அது வந்தது. குழாயை மூட முடிந்தது, கைப்பிடியும் தேவையில்லை. ஒரே மாற்றம், இரண்டு தொல்லையும் போச்சு.

எங்கள் ஃபீடர் என்ன ஆச்சு? ரிவ்யூவுக்கு ஒரு வாரம் கழித்து வெர்னியரை எடுத்து நட்டுகளை அளந்தேன். எம்8 நட்டுகளை இரண்டு கடைகளில் வாங்கியிருந்தோம். ஒரு கடையில் வாங்கியது பழைய ஜெர்மன் தரம், தடிமன் 6.5 மில்லிமீட்டர் வரை. இன்னொன்று ஐஎஸ்ஓ தரம், 6.8 வரை. கேட்டை 6.5-க்குத்தான் செட் செய்திருந்தோம். ஒரே கடையில் வாங்கியிருந்தால் பிரச்சினையே இல்லை. ஐந்து நிமிட அளவெடுப்பு. நான் அரத்தோடு செலவழித்ததோ இரண்டு மணி நேரம்.

அடுத்த செமஸ்டரில் உங்கள் மெஷினும் கட்டாயம் சிக்கும். அப்போது முதலில் மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். முதல் ஐட்டத்தில் நிற்கிறதா, கடைசியிலா என்று எழுதி வையுங்கள். உள்ளே போகும் பொருளை அளந்து பாருங்கள். அதுவரைக்கும் அரம் டூல் பாக்ஸிலேயே இருக்கட்டும்.