கறுத்த சதை கவசமல்ல

“சர்க்கரைப் புண்ணில் கத்தி வைத்தால் காலே போய்விடும். கறுத்த தோல் இயற்கை தந்த மூடி, தானாக உதிரட்டும்” என்கிறார்கள். இதை நம்பிக் காத்திருந்து காலை இழந்தவர்கள் உண்டு. அதனால்தான் கோபம் வருகிறது.

செத்த சதையில் ரத்த ஓட்டம் கிடையாது. விழுங்கும் ஆன்டிபயாடிக் அங்கே போய்ச் சேராது, வெள்ளணுக்களும் சேரா. கிருமிகளோ படலம் கட்டிப் பெருகும். மேலே காய்ந்த பொருக்கு. அடியில் சீழ் எலும்பை நோக்கி இறங்கும். மரத்துப்போன காலில் வலிகூட எச்சரிக்காது. அதனால்தான் மருத்துவர்கள் செத்த சதையை வெட்டி நீக்குகிறார்கள். “வெட்டியபின் புண் பெரிதாகிவிட்டதே” என்கிறீர்கள். முன்பே இருந்த ஆழம்தான் இப்போது கண்ணில் படுகிறது.

ஒரு விலக்கு உண்டு. ரத்த ஓட்டம் குறைந்த குதிகாலில், சிவப்போ சீழோ இல்லாமல் காய்ந்து இறுகிய பொருக்கை மருத்துவர்களே தொடாமல் விடுவார்கள். அது ரத்த ஓட்டத்தை அளந்து எடுக்கும் முடிவு, திண்ணையில் எடுப்பதல்ல.

கத்தி மட்டுமே வழி என்பதுமில்லை. ஜெல் கட்டு, நொதிக் களிம்பு உண்டு. கிருமி நீக்கிய ஈப்புழுக்களுக்குக்கூட 2004இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. வீட்டில் பிளேடால் சுரண்டாதீர்கள். நாற்றமோ காய்ச்சலோ இருந்தால் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.