அச்சம் வேண்டாம், மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!

செங்கற்பட்டு வட்டாரத்து ஆலைகளிலும் வயல்களிலும், மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களிலும் பாடுபடும் நம் பெண்கள் எத்தனையோ கஷ்டங்களைத் தாங்குகிறவர்கள். ஆனால், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் "மாற்றம் தெரிகிறது, மறுபடி வாருங்கள்" என்று சொல்லிவிட்டால் கலங்கிப் போகிறார்கள். புற்றுநோய் வந்துவிட்டது என்று தாமே முடிவு கட்டி, வீட்டிலும் சொல்லாமல், மறுபடி போகாமல் இருந்துவிடுகிறார்கள். உயிருக்கு உலை வைப்பது இந்த மௌனம்தான்.

உண்மை என்ன? எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமியே இந்நோய்க்கு மூலம். 1983ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் இப்புற்றில் அக்கிருமியின் 16வது வகையைக் கண்டறிந்தார். 2008ல் நோபல் பரிசு பெற்றார். தாம்பத்திய உறவால் பரவும் இக்கிருமி பெரும்பாலான ஆண்களையும் பெண்களையும் வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றுகிறது. இதைக் காட்டி ஒரு பெண்ணின் நடத்தையைப் பேசுவது மூடத்தனம்.

பெரும்பாலோரிடம் இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே கிருமியை விரட்டிவிடுகிறது. விலகாமல் தங்கினால்தான் ஆபத்து. அப்போதும் அது புற்றாக முற்றப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். பாப் பரிசோதனையிலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையிலோ தெரியும் மாற்றம் பெரும்பாலும் இந்த இடைக்காலத்து எச்சரிக்கைதான். பயிரில் பூச்சி முட்டையைக் கண்ட விவசாயி வயலைப் போட்டுவிட்டு ஓடுவானா?

அடுத்து, கருவி கொண்டு உற்றுப் பார்ப்பார்கள். தேவையானால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். கெட்ட இடத்தைக் குளிரூட்டியோ சுட்டோ அழித்துவிடலாம். பலர் அன்றே வீடு திரும்பலாம். திண்டுக்கல் ஜில்லாவில் 2000ல் தொடங்கிய ஆய்வில், நர்ஸுகள் ஒரே முறை சோதித்து, தேவையானவர்களுக்குச் சிகிச்சையும் கிடைக்கச் செய்த கிராமங்களில் இந்நோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது.

பிறகு ஏன் நம் பெண்கள் போவதில்லை? அச்சம் பாதி, கூலி பாதி. ஒருமுறை போனால் ஒரு நாள் கூலி போச்சு. மறுமுறை போனால் இன்னொரு நாள் கூலி போச்சு. எனவே நாம் கோருகிறோம்: 30 வயது கடந்த பெண் தொழிலாளிக்குப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் சம்பளத்துடன் விடுப்பு வேண்டும். சோதனை முகாம் ஆலை வாசலுக்கும் கிராமத்துக்கும் வர வேண்டும்.

தடுப்பூசி விஷயமும் இப்படியே. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தடுப்பூசி வளாகத்துக்கு மத்திய சர்க்கார் 2012ல் 594 கோடி ரூபாய் அனுமதித்தது. 2021 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் பார்த்தபோதும் அங்கே வர்த்தக உற்பத்தி தொடங்கவில்லை. 2023ல் வந்த தனியார் கம்பெனியின் எச்.பி.வி. ஊசியோ அப்போது மார்க்கெட்டில் ஒரு தவணை 2000 ரூபாயாக இருந்தது! மக்கள் பணத்தில் எழுந்த ஆலை மக்களுக்கு மருந்து தர வேண்டாமா? 14 வயதுச் சிறுமிகளுக்கு ஊசி போட 36 கோடி ரூபாய் என்று 2025ல் மாநில சர்க்கார் பட்ஜெட்டில் அறிவித்தது. வரவேற்கிறோம். குப்பத்துச் சிறுமி ஒருத்தியும் விடுபடாமல் பார்ப்பது நம் பொறுப்பு.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பெண்ணிடம் "மறுபடி வாருங்கள்" என்று சொல்லியிருந்தால் நாளையே கூட்டிச் செல்லுங்கள். சங்கக் கூட்டத்தில் கூச்சமின்றிப் பேசுங்கள். தடுக்கக்கூடிய சாவை விதி என்று விட்டுவிட நாம் தயாரில்லை!